பாக்கெட்டுக்குள் போன கைகள்

அவெஷனேடா,
20 ஜனவரி 1980

அன்புத் தம்பி டாமியானுக்கு,

அக்கா நிதியா எழுதுகிறேன். நானும் உன் மச்சான் எல்வியோவும் சுகம். உன் வலது கணுக்கால் வீக்கம் வற்றியதா? உப்புத் தண்ணீரில் வை என்று நான் சொன்னால் கேட்கமாட்டாய், உனக்கு டாக்டர் ஊசிதான் வேதம்.

உன் ஸ்பெயின் கால்பந்து ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று ரேடியோக்காரன் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பதினேழு வயதில் கப்பல் ஏறப் போகும்போது நம் லூஸெரோ கிளப் மைதானத்து வாசலில் நின்று பேட்டையே கேட்கச் சொன்னாயே, "என் கடைசி வருஷம் இங்கதான்! ஓசியில ஆடுவேன்!" என்று. பத்தொன்பது வருஷமாகிவிட்டது. உலகமே உன் படத்தை ஒட்டி வைத்துக் கும்பிட்டாலும் நீ லூஸெரோ பையன்தான். பின்னறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

இந்த வருஷம் முதல் டிவிஷனுக்கு ஏறியே தீருவோம். என் பங்கை நான் செய்கிறேன். ஆட்டம் உள்ள ஞாயிறு பூரணம் வைத்த ரவியோலிதான் சமையல், நீலக் கம்பளிச் சட்டைதான் உடுப்பு. வெயில் கொளுத்தினாலும் கழற்றமாட்டேன், சீசன் முடிகிறவரை துவைக்கவும் மாட்டேன். துவைத்தால் ராசி போய்விடும்.

மருந்துக்கடைக்காரர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் கடலில் விழுந்துவிடும். அவர் ஆட்டம் பார்க்க வந்த அன்று கோல் கம்பம் சாய்ந்தது நினைவிருக்கிறதா? அந்தத் துக்கிரி எதிரே வந்தாலே எல்வியோவின் கை கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஆம்பிளைகள் எதைத் தொட்டுக்கொண்டு தோஷம் கழிக்கிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

எல்வியோ கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. கிளப் செயலாளர் பதவி தலைக்கேறிவிட்டது போல. எந்தத் தேதிக்கு வருகிறாய்? உடனே எழுது.

உன் வரவுக்காக வாசலையே பார்த்திருக்கும்
நிதியா

*

சான்டாண்டர்,
6 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். கணுக்கால் பரவாயில்லை. இங்கே விடாத மழை.

அறைக்கு வெள்ளையடித்து ஏன் சிரமப்பட்டாய்? உன் முழங்கால் வலியோடு ஏணியில் ஏறாதே. என் தேதி இன்னும் நிச்சயமாகவில்லை. நிறையப் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மச்சான் ஏதாவது சொன்னாரா? ஒன்றும் சொல்லவில்லையென்றால் விடு, கேட்காதே.

லூஸெரோ முதல் ஆட்டத்தில் ஜெயித்தது என்று பேப்பரில் பார்த்தேன். அன்று பூரா சந்தோஷமாக இருந்தேன்.

உன் தம்பி
டாமியான்

*

அவெஷனேடா,
2 மார்ச்

டாமியான்,

நான் நலமா என்று கேட்காதே. நலமில்லை.

ரவியோலிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் சொன்னான்: "டாமியான் ஸோரிச் அமெரிக்கா போகிறார். ஃபீனிக்ஸ் நகரத்து அணி. இதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காத சம்பளம்." லுகான் மாதாவே! தலையில் இடி இறங்கியதுபோல இருந்தது. மாவுக் கையோடு அப்படியே நின்றேன். வேறு யாரோ ஸோரிச் என்று நினைத்தேன். அடுத்து உன் குரலையே போட்டான். சிரித்துக்கொண்டு பேசுகிறாய்!

கை கூடக் கழுவாமல் கிளப்புக்கு ஓடினேன். "கேட்டீங்களா? என் தம்பியைப் பத்திச் சொன்னானே, கேட்டீங்களா?" என்றேன். எல்லார் கையும் பாக்கெட்டுக்குள் போனது. ஒருத்தன் கூட முகத்தைப் பார்க்கவில்லை. கோபத்தில் முஷ்டி மடங்குவதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். எல்வியோதான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினான்: "காசு! எல்லாம் காசு! நம்மளை வித்துட்டுப் போயிட்டான்!" பேட்டைக்காரர்கள் முன்னால் என் புருஷன் என் தம்பியைத் திட்டுகிறான்! வீட்டுக்கு வந்து அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான். என் தட்டையும் அவன் பக்கமே தள்ளிவிட்டேன்.

ஏன்டா? ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம்தானே கேட்டோம்? பணம் உனக்குப் போதாதா? காரணம் இருந்தால் சொல். பொய்யாக இருந்தாலும் சொல்.

நிதியா

*

ஃபீனிக்ஸ், அரிசோனா,
30 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம். இங்கே வெயில் அதிகம்.

காரணம் ஒன்றுமில்லை, அக்கா. நல்ல சம்பளம். எனக்கும் வயதாகிறது. நான்கு காசு சேர்க்க வேண்டாமா?

மச்சானைத் திட்டாதே.

டாமியான்

*

அவெஷனேடா,
11 மே

டாமியானுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். அதைத்தானே நீ விற்றுக்கொண்டிருக்கிறாய்.

"காசுக்குப் போனவன் வீடு" என்று நம் வாசல் சுவரில் தாரால் எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் தேய்த்தேன், போகவில்லை. அலமாரியை இழுத்துப் போட்டு, உன் போட்டோவை அதன் பின்னால் சுவரைப் பார்த்து வைத்துவிட்டேன். ரொட்டிக்கடையில் உன் பெயரை யாரும் சொல்வதில்லை, "உங்க தம்பி" என்றுதான் சொல்கிறார்கள். பெயரைச் சொல்லக்கூட நாக்கு கூசுகிறது அவர்களுக்கு.

இனிமேல் எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

நிதியா

*

ஃபீனிக்ஸ்,
22 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், உன் முழங்கால் ஞாபகம் வந்தது, எழுதிவிட்டேன். பதில் போடாவிட்டால் பரவாயில்லை.

இங்கே பந்தாட்டம் வேறு தினுசு. புல் கிடையாது, பச்சைக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். விழுந்தால் தொடை உரிந்துவிடுகிறது. பெனால்டி போடும்போது ஜனங்கள் எழுந்து தின்பண்டம் வாங்கப் போகிறார்கள். சமமாக முடிந்தால் இவர்களுக்குப் பிடிக்காது, யாராவது ஒருத்தர் ஜெயிக்கிறவரை விடமாட்டார்கள். போன வாரம் இடைவேளையில் யானை வந்தது. நம் பேட்டையாக இருந்தால் யானையையும் ஆஃப்சைடு என்று சொல்லி விரட்டியிருப்பார்கள்.

நான் வந்த பிறகு அணி நிறைய ஜெயிக்கிறது. ஆட்டத்துக்குப் புறப்படும்போது என்னைத்தான் முதலில் பஸ்ஸில் ஏறச் சொல்கிறார்கள். நான் வலது கால் வைத்த பிறகுதான் மற்றவர்கள் ஏறுவார்கள். ஒரு நாள் நான் தாமதமாக வந்தேன், எல்லாரும் வெயிலில் நின்றுகொண்டு காத்திருந்தார்கள். ஓடிப்போய் முதலில் ஏறினேன்.

லூஸெரோ ஆட்ட முடிவுகளை நான் பார்ப்பதில்லை. நன்றாக ஆடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

மச்சானுக்கு என் அன்பு.

டாமியான்

*

அவெஷனேடா,
17 ஆகஸ்ட்

என் கண்ணான தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எல்வியோவுக்கு நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். ஞாயிற்றுக்கிழமை, மற்ற மருந்துக்கடை எல்லாம் அடைப்பு. வேறு வழியில்லாமல் அந்தப் பெயர் சொல்லக்கூடாதவர் கடைக்கே போனேன். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு மருந்து கேட்டேன்.

"உள்ள வாங்கம்மா," என்றார். "உங்களுக்கு என்ன பயம்? உங்க குடும்பத்துலயும்தான் என்னை மாதிரி ஒருத்தர் இருக்காரே."

"யாரு?"

"உங்க தம்பிதான். எனக்காவது பழகிப்போச்சு. ஆள் வரலைன்னா பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருப்பேன். அவரு பாவம், எப்படித்தான் தாங்குறாரோ."

"அவன் என்னத்தைத் தாங்குறான்? டாலரை மூட்டை கட்டிட்டு இருக்கான்!"

அவர் மருந்து பாட்டிலைத் துடைப்பதை நிறுத்தினார். "அட கடவுளே, உங்ககிட்ட யாரும் சொல்லலையா? கிளப்புல அவரு பேச்சை எடுத்தா எல்லார் கையும் எங்க போகுதுன்னு நீங்க பாத்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேனே! என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேனே! கோபம் என்றல்லவா நினைத்தேன்! எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அவர்தான் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கையால் கொடுத்ததைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து போர்வையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்குக் காய்ச்சல்டி," என்றான்.

"எழுந்திருய்யா! என் தம்பிக்கு என்ன பட்டம் கட்டி வெச்சிருக்கீங்க?"

முதலில் முழித்தான். அப்புறம் எல்லாவற்றையும் கக்கினான். "எழுபத்தொண்ணுல லீவுக்கு வந்தான், ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிட்டோம். எழுபத்தஞ்சுல வந்தான், பைனல் போச்சு. எழுபத்தெட்டுல வந்தான், நம்ம கோல்கீப்பர் கை ஒடிஞ்சுது. நாங்க என்னதான் பண்றது நிதியா? இந்த வருஷம் ஏறலைன்னா கிளப்பையே இழுத்து மூடணும். வர வேணாம்னு சொல்லிடலாம்னு கமிட்டில எல்லாரும் கை தூக்கினாங்க. நானும் தூக்கினேன்."

"அவன் என் தம்பிய்யா!"

"நான்தான் போன்ல சொன்னேன். அதுக்கு அவன் சொன்னான், 'சரி மச்சான். காசுக்காகப் போயிட்டான்னு சொல்லிடுங்க. அக்கா அதை மன்னிச்சுடுவா. இதைத் தாங்கமாட்டா.'"

நான் மன்னிக்கவில்லையே, டாமியான். போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேனே. உன்னை ராசி கெட்டவன் என்று ஊரே ஒதுக்கியிருக்கிறது, அது தெரியாமல் நானும் சேர்ந்து மிதித்தேனே. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. பதில் மட்டும் போடு.

உன் அக்கா

*

அவெஷனேடா,
25 ஆகஸ்ட்

மச்சான் டாமியானுக்கு,

உன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சமைப்பதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. எனக்குக் காய்ச்சல் போய்விட்டது, பசி வந்துவிட்டது. உன் போட்டோவைச் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே வைத்திருக்கிறாள். வெறும் மாத்தே தேநீரைக் குடித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நான் உனக்குச் செய்தது தப்பா சரியா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் நீ அமெரிக்கா போன பிறகு பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்றுதான் தோற்றோம். இதற்கு நான் என்ன சொல்ல? உடம்பைக் கவனி.

எல்வியோ

*

ஃபீனிக்ஸ்,
21 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ அழாதே. மச்சானுக்குச் சோறு போடு.

அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்வேன் என எதிர்பார்ப்பாய். சொல்ல முடியவில்லை. எனக்கே அந்த எண்ணம் ரொம்ப நாளாக உண்டு.

எழுபத்தைந்து பைனலுக்கு நான் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? இடைவேளையில் சிகரெட் வாங்கப் போகிறேன் என்று எழுந்து போனேன். உண்மையில் முன்வரிசைக்காரர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது தாங்கவில்லை. தெருமுனைக்குப் போனதும் உள்ளே கோல் சத்தம் கேட்டது. நாம் போட்ட கோல். தெருவில் தனியாக நின்று குதித்தேன். அந்தச் சந்தோஷத்தில் மறுபடி உள்ளே ஓடிவந்து உட்கார்ந்தேன். அடுத்து இரண்டு கோல் வாங்கினோம். அன்றைக்கு வெளியிலேயே நின்றிருந்தால் ஏறியிருப்போம், அக்கா. நான் இல்லாதபோது நாம் ஜெயிக்கிறோம்.

மச்சான் போன் செய்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மாட்டிக்கொண்டோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வர வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தேன் என்பதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இவர்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்கிறார்கள். டிசம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியும்போது எனக்கு முப்பத்தெட்டு. அதற்குப் பிறகு எங்கேயும் ஆட முடியாது.

டாமியான்

*

அவெஷனேடா,
19 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். எல்வியோவுக்குச் சோறு போடுகிறேன், உப்பு மட்டும் போடுவதில்லை.

உன் கடிதத்தைப் படித்து அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். ஊர் பைத்தியம் பிடித்து ஆடலாம். நீயுமா? இருபதாயிரம் பேர் உட்காருகிற இடத்தில் நீ ஒருத்தன் எழுந்து போனதைப் பார்த்துவிட்டா பந்து உள்ளே போகும்? அங்கே நீ கால் வைத்தால்தான் பஸ்ஸே கிளம்புகிறது என்று நீதானே எழுதினாய்! அங்கே ராசி, இங்கே துக்கிரியா? அது அதே கால்தானேடா?

டிசம்பர் பதினான்காம் தேதி கடைசி ஆட்டம், நம் மைதானத்தில். சமமாக முடிந்தாலே முதல் டிவிஷனுக்கு ஏறிவிடுவோம். நீ வா. என் பக்கத்தில் உட்கார். மருந்துக்கடைக்காரரையும் கூப்பிட்டேன். அவர் பெயர் பால்தொமேரோ. எழுதிவிட்டேன் பார், பேனா ஒன்றும் உடையவில்லை. "வேணாம்மா, தோத்தா கடையைக் கொளுத்திடுவாங்க," என்கிறார். அன்றைக்குத் தண்டில் ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். நீயாவது வா.

நிதியா

*

ஃபீனிக்ஸ்,
20 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

பத்து வருஷமாக இதற்குத்தான் தவம் கிடக்கிறீர்கள். நான் வந்து அன்றைக்குத் தோற்றால் நீயே என்னை ஒரு பார்வை பார்ப்பாய். வாயால் சொல்லமாட்டாய். ஆனால் பார்ப்பாய். அதை என்னால் தாங்க முடியாது.

பதினான்காம் தேதி விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போய்விடுவேன். காரில் ரேடியோவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். லூஸெரோவை நினைக்கக்கூட மாட்டேன், சத்தியம். ஜெயித்துவிட்டு எழுது. அதைப் படித்த பிறகு கையெழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

டாமியான்

*

அவெஷனேடா,
15 டிசம்பர்

என் செல்லத் தம்பிக்கு,

நான் ரொம்ப ரொம்பச் சுகம். நேற்று நாம் தோற்றுவிட்டோம். மூன்றுக்குப் பூஜ்யம்.

ரவியோலி செய்தேன். நீலச் சட்டை போட்டேன். எல்லாம் முறைப்படி நடந்தது. முதல் கோல் நம் ஆளே நம் வலைக்குள் அடித்தது. மூன்றாவது விழுந்தபோது என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஐயோ, இன்னொரு வருஷம் போச்சே என்று அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது உன் ஞாபகம் வந்தது. அழுகை நின்றுவிட்டது. வாயில் கழுத்துத் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தேன் டாமியான். லூஸெரோ தோற்றதற்குச் சிரித்தேன். லுகான் மாதா என்னை மன்னிக்கட்டும்.

அங்கிருந்து நேராகக் கிளப்புக்குப் போனேன். சாவு வீடு மாதிரி இருந்தது. எல்வியோ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்காலி மேல் ஏறி நின்றேன், முழங்கால் வலிக்கவே இல்லை.

"டாமியான் ஸோரிச்!" என்றேன். அத்தனை கையும் பாக்கெட்டுக்குள் போனது. "கையை வெளிய எடுங்கய்யா! என் தம்பி இன்னிக்கு எங்க இருந்தான் தெரியுமா? பாலைவனத்துல! கார்ல ரேடியோ கூட இல்ல! பால்தொமேரோ தண்டில்ல இருக்காரு! ரெண்டு பேரும் ஊர்லயே இல்ல. மூணு வாங்கினோமே, இப்ப யாரைச் சொல்லப் போறீங்க? சொல்லுங்க, யாரு?"

ஒவ்வொரு கையாக வெளியே வந்தது. எல்வியோ நிமிர்ந்து பார்த்தான். "அவன் இல்லாமலே தோத்துட்டோம்ல," என்றான், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி. முடிந்தது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது மைதானத்து வாசல் காவல்காரக் கிழவர் என் சட்டையையே உற்றுப் பார்த்தார். "நிதியா, இந்தச் சட்டை ஏன் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு? துவைச்சியா?"

நான் துவைக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து தண்ணீரே காட்டவில்லை, விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். எல்லார் முகத்தையும் பார்த்தேன். யாராவது ஒருத்தர் கிடைத்தே ஆக வேண்டும் அவர்களுக்கு. இல்லையென்றால் நாளைக்கே உன்னிடம் திரும்பி வந்துவிடுவார்கள்.

"ஆமா," என்றேன். "சனிக்கிழமை துவைச்சேன். சோப்புப் போட்டு."

ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது பார், கூரையே இறங்கிவிடும் போல! மறுபடி எல்லார் கையும் பாக்கெட்டுக்குள் போனது. இந்த முறை என்னைப் பார்த்து. எல்வியோவின் கையும்தான். பாவம், இனி வீட்டுக்குள்ளேயே அதை வெளியில் எடுக்க வழியில்லை அவனுக்கு.

எனக்கென்ன? நான் கோல் போட வேண்டியதில்லை. இன்று காலை கமிட்டி கூடியது. நான் இனி மைதானத்துக்குள் வரக்கூடாது. நீ வரலாம். எல்லாரும் கை தூக்கினார்கள்.

அங்கே கையெழுத்துப் போடாதே. பின்னறைக்கு மறுபடி வெள்ளையடிக்கிறோம், ஏணியில் எல்வியோதான் நிற்கிறான். வாசல் சுவர் தாரையும் அவன்தான் சுரண்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடாதே. பால்தொமேரோ இன்று திரும்பிவிட்டார், தன் கடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். நீ கோல் போட்டால் சத்தம் அங்கே வரை கேட்கும்.

உன் அக்கா
நிதியா